நிலைபேறும் திருத்தமும்

கல்லூரித் தாயின் விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இம்மலரில், பெரியோர் பலர் கல்லூரியின் பழம் பெருமையை எடுத்தோதியிருப்பர். அப்பணியை அவர்களுக்கே விட்டு, நாம் சற்று வறண்ட பொருள் ஒன்றைக் கையில் எடுக்கின்றோம். கணினி அறையிலுள்ள யந்திரங்களை இயக்கும் பணிசெயல் முறைமையை, அது நிறுவப்பட்ட பின்னர் யார், எப்போது, எவ்வாறு திருத்திவருவது என்பதே அப்பொருள். விழாக் காலத்திற் பேசத்தக்க பேச்சா இது என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயின் விழாக் காலத்திலேதான் நன்கொடைகள் திரளுகின்றன; திரண்ட பொருளிற் பெரும்பகுதி புதிய யந்திரங்களுக்கே செல்லுகின்றது. யந்திரம் வந்திறங்கிய நாளிற் குத்துவிளக்கேற்றிப் படமெடுத்துக்கொள்ளும் நாம், அதன்பின் அதனைப் பேணுவார் யாரென்று கேட்பதில்லை. ஆதலின் இவ்வேளையே தக்க வேளையென்று துணிந்தோம்.

நிலையான வெளியீடு என்னும் தொடரை முதலில் விளக்குதல் வேண்டும். நிலையானது என்றால் அசையாதது என்று பலர் பொருள்கொள்ளுகின்றனர். ஒருமுறை நிறுவிவிட்டால் ஐந்தாண்டுக்கு அதன் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டியதில்லை என்று எண்ணுகின்றனர். இஃது தவறு. தேயிலை மலையின் நடுவே வளர்ந்தார்க்கு இதனை விளக்கப் பெரிய நூலறிவு வேண்டா. ஒரு மலையிலே சில செடிகள் பட்டுப்போனால், அம்மலை முழுவதையும் பிடுங்கி எறிந்து புதுக்கன்று நடுவார் உண்டோ? கவ்வாத்து வெட்டிய காலத்தில், பட்ட செடி நின்ற இடத்தில் மட்டும் தவறணையிலிருந்து கொண்டுவந்த கன்றை வைத்து வெற்றிடத்தை நிரப்புவர். கானும் பாதையும் நிரையும் முன்போலவே இருக்கும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்குத் தன் நிரை மாறிவிட்டதென்ற மயக்கம் நேராது. நிலையான வெளியீட்டைத் திருத்தும் முறையும் இதுவே. பழுதுபட்ட இடம் மட்டும் மாற்றப்படுகின்றது. பயில்வோன் பழகிய நிரைகள் மாறுவதில்லை.

இம்முறையை மிகுந்த ஒழுங்குடன் கைக்கொள்ளுவது டெபியன் என்னும் பணிசெயல் முறைமையாகும். 1993ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க மாணவர் ஒருவராகிய இயன் மேர்டொக்கினாற் தொடங்கப்பட்டு, இன்று உலகெங்குமுள்ள தொண்டர்களால் நடத்தப்படுவது. அதன் 12ஆம் வெளியீடு 2023 ஜூன் 10ஆந் திகதி வந்தது. புத்தகப்புழு எனப் பொருள்படும் பெயர் அதற்கு. (கல்லூரிக்கு ஏற்ற பெயர்தான், நம் மாணவரிற் சிலர் கோபித்துக்கொள்ளாதிருப்பாராக.) 13ஆம் வெளியீடு 2025 ஆகஸ்ட் 9ஆந் திகதி வந்தது. 12ஆம் வெளியீட்டில் அடங்கிய மென்பொருட் பொதிகள் 64,000க்கும் மேற்பட்டவை. வெளியீடு வந்த நாளோடு அவற்றின் பதிப்பு எண்கள் ஏறத்தாழ உறைந்துவிடுகின்றன. மென்பொருளை ஆக்கியோர் புதுப்பதிப்பை வெளியிட்டாலும், நிலையான வெளியீட்டில் அது இடம்பெறாது.

அங்ஙனமாயின் ஒரு மென்பொருளிற் களவு நுழையத்தக்க ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் என் செய்வது? புதுப்பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்த சில வரிகள் இருக்கும். அவற்றோடு புதிய வசதிகளும் புதிய வழுக்களும் கலந்து கிடக்கும். டெபியனின் பாதுகாப்புக் குழுவினர் அவ்வரிகளை மட்டும் தெரிந்தெடுத்து, பழைய பதிப்பின் உடலிற் பொருந்துமாறு தைக்கின்றனர். இது தையற்காரன் வேலையன்று. சத்திர வைத்தியன் வேலை. தைத்துச் சோதித்தபின் ஓர் அறிவித்தலோடு தனிக் களஞ்சியம் ஒன்றின் வழியாக உடனே அனுப்பிவிடுகின்றனர். பாதுகாப்போடு தொடர்பற்ற சாதாரண வழுத்திருத்தங்களுக்கு இவ்வவசரம் இல்லை. அவை முன்மொழியப்பட்ட திருத்தங்களாக ஒரு வரிசையிற் காத்திருக்கும். பழையதற்கும் புதியதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை வரிவரியாகக் காட்டுமாறு பொறுப்பாளர் கேட்பர். வேண்டாத மாற்றம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் திருப்பியனுப்புவர். ஏற்றவை ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கொருமுறை ஒன்றாகத் திரட்டி வெளியிடப்படுகின்றன. நம் ஆட்சிமன்றங்கள் சிலவற்றில் வரவுசெலவுக் கணக்குங்கூட இவ்வளவு கூர்ந்து நோக்கப்படுவதில்லை.

இம்முறையால் எழும் ஒரு மயக்கத்தையும் இங்கே சொல்லுதல் வேண்டும். 2014 ஏப்ரலில், இணையத் தளங்களின் இரகசியப் பேச்சைக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில், ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட பெரும் ஓட்டை வெளிப்பட்டது. சேவையகத்தின் நினைவகத்திலுள்ளதை அயலான் துண்டுதுண்டாக உருவியெடுக்க அது வழிவிட்டது. அக்காலத்து டெபியனில் இருந்தது 1.0.1ஈ என்னும் பதிப்பு; ஆக்கியோர் ஓட்டையை அடைத்து வெளியிட்டது 1.0.1ஜீ. டெபியன் தன் மரபுப்படி 1.0.1ஈ என்னும் பதிப்பையே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் அடைத்து, ஏப்ரல் 7ஆந் திகதியே அனுப்பிற்று. எனவே முதல் எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு யந்திரம் நோயுற்றதாகவே தோன்றும்; எண்ணின் வாலில் ஒட்டியுள்ள சிறு குறிப்பைப் படிப்பவனுக்கே உண்மை விளங்கும். எண் பழையது, ஆகவே யந்திரம் பழையது என்று தீர்ப்பளிக்கும் சோதனையாளர் இன்றும் உளர். அவர் சொற்கேட்டு நிலையான வெளியீட்டுக்குள் வெளியிலிருந்து புதுப்பதிப்பொன்றைத் திணிப்போர், அந்நாள் முதல் அப்பொதிக்குத் தாமே காவலராகிவிடுகின்றனர். பாதுகாப்புக் குழுவின் கை அதற்கு எட்டாது.

புதியதே நல்லது என்னும் கொள்கைக்கு எதிராக அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளின் பராமரிப்பிலே ஒருவர், ஈராண்டுக்கு மேலாக நல்லவர்போல் உழைத்து நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024ஆம் ஆண்டின் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில் இரகசியக் கதவொன்றைப் பொருத்திவிட்டார். அண்ட்ரெஸ் ஃபிரொய்ண்ட் என்னும் பொறியியலாளர், யந்திரத்தினுள் நுழைவதற்கு வழமையிலும் அரை வினாடி கூடுதலாகச் செல்லுகின்றதே என்று ஐயுற்றுத் துருவியதால், 2024 மார்ச் 29ஆந் திகதி அக்கபடம் வெளியாயிற்று. புதுமையை நாடிச் செல்வோர் பயன்படுத்தும் டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அந்நஞ்சு ஏற்கெனவே புகுந்திருந்தது. நிலையான வெளியீட்டை வைத்திருந்தோர் அன்றிரவு நிம்மதியாக உறங்கினர். அவர்களிடம் இருந்தது 5.4 வரிசையைச் சேர்ந்த பழைய பதிப்பு.

ஆயினும் திருத்தம் என்பது எப்போதும் நன்மையே பயக்கும் என்று நாம் சொல்லவில்லை. இதற்குத் தொலைதூரம் செல்லவேண்டா; தலவாக்கலைச் சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தார் ஆராய்ந்த துறையிலேயே பாடம் இருக்கின்றது. இலையைச் சுருட்டித் தின்னும் ஒருவகைப் புழு இந்நாட்டுத் தேயிலையைப் பாழ்படுத்திவந்தது. 1935-36 காலத்திற் சாவகத்திலிருந்து சிறு குளவி இனமொன்று கொணரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. குளவி அப்புழுவின் உடலில் முட்டையிட்டுப் பெருகப் புழுவின் கொட்டம் அடங்கிற்று. பின்னாளில், தண்டைத் துளைக்கும் வண்டினை ஒழிக்க டீல்ட்ரின் என்னும் கடுமருந்து தெளிக்கப்பட்டது. வண்டின்மேல் ஏவிய மருந்து குளவியையும் கொன்றது. அடங்கிக்கிடந்த புழு மீண்டும் தலைதூக்கிற்று. ஒரு பழுதைத் திருத்தப் புகுந்து, நன்றாக வேலைசெய்த வேறொன்றைக் கெடுத்துக்கொள்ளுதல் என்பதைக் கணினி அறிந்தோர்க்கு இதனினும் தெளிவாக உரைக்க இயலாது.

டெபியனும் இவ்வகைப் பிழைக்கு விலக்கன்று. 2006இல், தேவையற்றவை எனத் தோன்றிய சில வரிகளை அதன் தொண்டர் ஒருவர் மேற்கூறிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளிலிருந்து நீக்கினார். அதன் விளைவாக, எண்ணற்ற வகையில் அமைய வேண்டிய இரகசியச் சாவிகள் ஒவ்வொரு வகை யந்திரத்திலும் 32,768 வகையுள் அடங்கிப்போயின. களவாளி அத்தனையையும் முயன்று பார்க்க நெடுநேரம் வேண்டியதில்லை. 2008 மே 13 வரை இது வெளிப்படவில்லை. 2023 டிசெம்பரிலோ நிகழ்ச்சி வேறுவிதமாக முடிந்தது. 12.3 என்னும் திரட்டிய வெளியீட்டிற் சேர்ந்த கருநிரலில், வட்டில் எழுதப்படும் தரவைச் சிதைக்கத்தக்க வழு இருப்பது வெளியிடும் நாளிலேயே தெரியவந்தது. உடனே வெளியீட்டை நிறுத்தி, யந்திரங்களைத் திருத்த வேண்டாம் என்று உலகுக்கு அறிவித்து, வழுவை நீக்கி மறுநாளே 12.4 என்னும் எண்ணோடு வெளியிட்டனர். கூசாமல் அறிவித்த அவ்வொழுக்கத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

2024 ஜூலை 19ஆந் திகதி நேர்ந்ததோ உலகறிந்தது. கிரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு திருத்தம், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் யந்திரங்களை ஒரே வேளையில் வீழ்த்திற்று. விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் திகைத்தன. 78 நிமிடத்துள் பிழை மீட்கப்பட்டும், விழுந்த யந்திரங்களுட் பலவற்றை ஒவ்வொன்றாகக் கைதொட்டே எழுப்ப வேண்டியதாயிற்று. சிலவற்றில் முதலில் இட்டுப் பார்த்து, பின் ஏனையவற்றுக்கு அனுப்பியிருந்தால் அத்தனை பெரும் கேடு வந்திராது.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, அதனாலேதான் ஓடுகின்ற யந்திரத்திற் கைவைக்கலாகாது என்கின்றோம் என்பார் சிலர். அவர்களுக்கு விடையாக நம் நாட்டின் செய்தியையே முன்வைக்கின்றோம். இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கும் அரசாங்க முகிலில், மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் பதிப்பு 2014 முதற் பயன்பட்டுவந்தது. அதற்குரிய திருத்தங்களை ஆக்கியோர் 2023 ஏப்ரல் 11ஆந் திகதியோடு நிறுத்திக்கொண்டனர். 2023 ஆகஸ்ட் இறுதியில், தரவைப் பூட்டிப் பணம் பறிக்கும் தாக்குதல் நிகழ்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உள்ளிட்டு ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீளாமற் போயின. சேவை 12 மணி நேரத்தில் மீண்டும் இயங்கிற்று. ஆனால் அந்த மூன்றேகால் மாதத்துக்கு, வலையமைப்பிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட படி இருக்கவில்லை. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்ததாகவும், நிதித் தட்டுப்பாட்டாலும் முந்திய சபையின் சில தீர்மானங்களாலும் அது தள்ளிப்போனதாகவும் பொறுப்பான நிறுவனம் விளக்கிற்று.

நிதியும் தீர்மானமும் என்னும் அவ்விரண்டு சொற்களை நாம் பலமுறை படித்துப் பார்த்தோம். அறிவு இல்லாமற் போயிற்று என்று எவரும் சொல்லவில்லை. யந்திரம் பழையதென்று அறிந்தோர் இருந்தனர். அறிந்தவர்க்குப் பணமும், பணம் உள்ளவர்க்கு அவசரமும் இல்லாமற் போயின. கொழும்பில் நேர்ந்தது நம் கல்லூரியில் நேராது என்று சொல்ல நமக்கு என்ன துணிவு?

நம் கல்லூரியில் இழப்பதற்கு அப்படி என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்கும் ஒரு சொல். பிள்ளைகளின் அனுமதி இடாப்பும், பரீட்சைப் பெறுபேறும், விடுகைப் பத்திரமும் இப்பொழுது இந்த யந்திரங்களுக்குள்ளே குடியேறிவருகின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர், தான் இந்நாட்டிற் பிறந்தவன் என்பதைக் காட்ட ஒரு கடதாசித் துண்டைத் தேடி மலையகத்து மனிதன் எத்தனை கந்தோர்ப் படிகளை ஏறி இறங்கினான் என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். லயத்து அறையின் தகரப் பெட்டிக்குள் பிறப்புப் பத்திரத்தைப் பட்டுப்போல மடித்துவைத்த சமூகம் இது. அத்தகைய சமூகத்தின் பதிவேட்டை, திருத்தங் காணாத யந்திரமொன்றின் வயிற்றில் வைத்து, படி ஒன்றும் எடாமல் இருத்தல் பொறுக்கத்தக்கதன்று.

இனிச் செய்யத்தக்கது யாது? மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆந் திகதியோடு முடித்துக்கொண்டது. நன்கொடையாக வந்த பழைய யந்திரங்களுட் பல, விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாதவை. அவற்றைக் குப்பையிலிடுவதா, காவலின்றி ஓடவிடுவதா என்னும் கேள்விக்கு மூன்றாம் விடையொன்று உண்டு. அவற்றுள் நிலையான லினக்ஸ் வெளியீடொன்றை நிறுவுதல். சென்னையில் சீ-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக்கொண்டு பொஸ் என்னும் முறைமையை ஆக்கித் தமிழிலும் பயன்படச் செய்தனர். ஹந்தானை மலையின் பெயரால் நம் நாட்டில் ஆக்கப்பட்ட லினக்ஸும் உண்டு. ஆனால் அதன் அடியாகிய ஃபெடோரா ஆறு மாதத்துக்கொருமுறை புதிதாவது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவே உடையது. பெயரிலுள்ள பற்றினால் பள்ளிக்கூடத்துக்கு அதனை நாம் பரிந்துரையோம். டெபியன் 13க்கு 2030 ஜூன் 30 வரை நீடித்த ஆதரவு அறிவிக்கப்பட்டுள்ளது. தரம் ஆறில் வந்து சேரும் பிள்ளை சாதாரண தரப் பரீட்சையை அணுகும்வரை ஒரே முகத்தைக் காண இது போதும். வேலைத்தலங்களில் விண்டோஸே உண்டு என்று அஞ்சுவோருக்காகச் சில யந்திரங்களை அதிலேயே வைத்திருக்கலாம். ஆயின் ஆதரவுள்ள பதிப்பாக இருத்தல் வேண்டும்.

எல்லா யந்திரங்களிலும் ஒரே வெளியீடு இருத்தல் முதல் விதி. பத்து யந்திரத்திற் பத்து விதம் இருந்தால் அவற்றைப் பேணுவார் பைத்தியம் பிடித்து அலைவர். பாதுகாப்புத் திருத்தங்கள் நாள்தோறும் தாமாகவே வந்து பொருந்துமாறு அமைக்கலாம். டெபியனில் அதற்கு வழி உண்டு. மழைக்காலத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும் நம் ஊரில், ஒவ்வொரு யந்திரமும் தனித்தனியே இறக்கிக்கொள்ளுதல் வீண் செலவு. ஒன்று மட்டும் வெளியே சென்று வாங்கிவரட்டும், ஏனையவை அதனிடம் பெற்றுக்கொள்ளட்டும். இரண்டு மாதத்துக்கொருமுறை வரும் திரட்டிய திருத்தத்தையோ உடனே எங்கும் இடலாகாது. ஓரத்து யந்திரம் ஒன்றில் இட்டு ஒரு வாரம் பிள்ளைகளைப் பயிலவிட்டு, அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துரும் முன்போல் இயங்குகின்றனவா என்று கண்டபின் ஏனையவற்றில் இடவேண்டும். தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் இவ்வேலைக்கு ஆகாது. பதிவேட்டின் படியை வாரந்தோறும் வெளிவட்டொன்றில் எடுத்து, எடுத்தபின் அதனைக் கழற்றி அதிபர் அறையின் இரும்புப் பெட்டியில் வைக்கவேண்டும். கழற்றாத வட்டு யந்திரத்தோடு சேர்ந்தே மாளும் என்பதை 2023 காட்டிற்று.

ஆசிரியரின் தலைமேல் இதனைச் சுமத்துவது எமக்கு உடன்பாடன்று. தகவல் தொழினுட்ப ஆசிரியர் இன்று இங்கே, நாளை இடமாற்றத்தில் வேறோரிடம். அவரோடு கடவுச்சொற்களும் புறப்பட்டுப் போகின்றன. மலையகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் அறியவே இவ்வாறு நடந்து, ஒரு தவணை முழுதும் பெறுபேற்றுப் பதிவு பூட்டுண்டு கிடந்தது. ஆதலின் எந்நாளில் எந்தத் திருத்தம் இடப்பட்டது, யார் இட்டார், என்ன கெட்டது என்பவற்றை எழுதிவைக்கக் கனத்த அட்டையிட்ட கொப்பி ஒன்று வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்றோலைப்போல ஒரு நாளும் விடாமல் அது எழுதப்படவேண்டும். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுள் ஒருவருக்கு மாதவேதனம் கொடுத்து இதனை ஒப்படைக்கலாம். அவர் போகும்போது அடுத்தவருக்குக் கற்பித்துவிட்டுப் போகட்டும்.

அம்மாதவேதனமே இக்கட்டுரையின் முடிச்சு. விழா நிதியிலிருந்து வாங்க எண்ணியிருக்கும் புதிய யந்திரங்களிற் சிலவற்றைக் குறைத்து, அத்தொகையை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, அதன் வட்டியால் வேதனத்தையும் இணையக் கட்டணத்தையும் வெளிவட்டுகளின் விலையையும் செலுத்தவேண்டும் என்பது எமது கருத்து. இதற்குக் கல்வெட்டுக் கிடையாது, திறப்புவிழாவும் கிடையாது என்பதை அறிவோம். கொடையாளர் சிலர் இதனால் மனந்தளர்வர் என்பதையும் அறிவோம். வேண்டுமாயின் அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தில் அவர்தம் பெயர்களை எழுதிவைக்கலாம். ஆண்டுதோறும் அதனைத் திறந்து பார்க்க ஒரு மாணவராவது இருப்பார். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரணையாக முன்வைக்க எண்ணியுள்ளோம். வழிமொழிய முன்வரும் அன்பர் எவரேனும் இருப்பின், கூட்டத்துக்கு முன்னரே செயலாளருக்கு ஒரு வரி எழுதுவாராக.